முதலில் மாத்திரை டப்பாவைக் கொட்டுங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அம்மாவுக்கு 66 வயது. போன மாதம் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். "எலும்பு தேய்மானம், கால்சியம் மாத்திரை போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முகாமில் குதிகாலை மெஷினில் வைத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்களே? அம்மா வயல்வேலை செய்தவர், வெயிலில் நின்றவர். வீட்டில் மாடு இருக்கிறது, பாலுக்குக் குறைவில்லை. எப்போதும் ஒல்லி; இப்போது 42 கிலோ. சர்க்கரை இல்லை. மழைக்காலத்தில் இளைப்புக்கு மாத்திரை எடுப்பார், தைராய்டு மாத்திரையும் உண்டு. எங்கள் பாட்டி (அம்மாவின் அம்மா) கடைசியில் இடுப்பு ஒடிந்து படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. எனக்கு 43 வயது. 37 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கும் இது வருமா? பிரண்டைப் பொடி நல்லது என்கிறார்களே, கொடுக்கலாமா? அம்மா சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலம் போயே ஆக வேண்டும் என்கிறார். என்ன சொல்வது?
– வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கு வேண்டிய பதில்களில் பாதியை நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். மழைக்கால மாத்திரை, தைராய்டு, 42 கிலோ, பாட்டியின் இடுப்பு. கால்சியம் மாத்திரையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். "தேய்மானம்" என்று நம் ஊரில் இரண்டு நோய்களையும் ஒரே பெயரில் அழைக்கிறோம். முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, மாடிப்படி ஏறினால் வலிக்கிறதே, அது மூட்டுத் தேய்மானம். உங்கள் அம்மாவுக்கு இருக்கலாம் என்று நான் சந்தேகப்படுவது எலும்புப்புரை. புரையோடிப்போன மரத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே பட்டை அப்படியே இருக்கும், உள்ளே பொத்தல். எலும்பும் அப்படித்தான் ஆகிறது. மூட்டுத் தேய்மானம் வலித்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும். எலும்புப்புரை முறிகிற நாள் வரை வலிக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததில் வந்த கெடுதல் என்னவென்றால், முட்டிவலித் தைலம் தேய்த்துக்கொண்டு இதற்கும் வைத்தியம் நடக்கிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறியக் கூடாது. மாடியிலிருந்து விழுந்தாலோ, வண்டி மோதினாலோ முறியட்டும். கொல்லையில் வழுக்கிக் கையை ஊன்றியதற்கு மணிக்கட்டு முறிந்தது என்றால், 50 வயது தாண்டிய எந்தப் பெண்ணானாலும் "ஏன்" என்று கேட்டே ஆக வேண்டும். ஒருமுறை இப்படி முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. மணிக்கட்டு பெரும்பாலும் முதலில் போவது. அடுத்தது முதுகெலும்பு, கடைசியில் இடுப்பு. பாட்டிக்கு நடந்தது அதுதான். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அம்மாவுக்கு மாவுக்கட்டு பிரிப்பதோடு கதை முடிந்தது என்று வீட்டில் யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி டப்பா. அம்மா மாத்திரை வைக்கிற டப்பாவை, பிஸ்கட் டின்னோ பிளாஸ்டிக் டப்பாவோ, ஒரு தட்டில் கொட்டுங்கள். அட்டை இல்லாமல் காகிதப் பொட்டலத்தில் உதிரியாக இருப்பதையும் சேர்த்து. அதில் மழைக்கால இளைப்புக்கான சின்ன வெள்ளை மாத்திரையைத் தேடுங்கள். அட்டையில் பிரெட்னிசலோன், மீத்தைல் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று இருக்கிறதா? இவையெல்லாம் ஸ்டீராய்டு. பெயர் இல்லாத உதிரி மாத்திரை என்றால் கொடுத்த இடத்திலேயே பெயரை எழுதி வாங்குங்கள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. மூச்சு முட்டுகிற இரவில் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் நாளைக்கு 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனைத் தொடர்ந்து மூன்று மாதம் எடுத்தாலே எலும்பு முறியும் ஆபத்து கூடுகிறது. அதுவும் முதல் சில மாதங்களிலேயே எலும்பு வேகமாகக் கரைகிறது. அம்மா ஐப்பசியில் ஆரம்பித்துத் தை வரை எடுக்கிறாரா? எத்தனை மழைக்காலமாக? "இது போட்டா பசிக்குது, கை கால் வலிகூட இல்லை" என்று சொல்லியிருக்கிறாரா? அப்படிச் சொன்னால் என் சந்தேகம் இன்னும் கூடும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு, தன் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பை மறந்திருக்கும். சட்டென நிறுத்தினால் மயங்கி விழலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இளைப்புக்கு இன்ஹேலர் கேளுங்கள். "இன்ஹேலர் பழகிடும், கடைசியில்தான் அது" என்கிற பேச்சு இன்னும் நம் ஊரில் ஓயவில்லை. மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் மிகச் சிறிய அளவே போதும். மாத்திரையைவிட இன்ஹேலரில்தான் எலும்பு பத்திரம்.

அதே தட்டில் தைராய்டு மாத்திரை இருக்கும். தைராக்சின் அளவாக இருந்தால் எலும்புக்கு ஒன்றும் ஆகாது. அளவு கூடினால் எலும்பைக் கரைக்கும். ஐந்து வருஷத்துக்கு முன் எழுதிய அதே சீட்டைக் காட்டி, டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்காமலே வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நான் வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அம்மா ஒல்லியாகவும் இருப்பதால் இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பாருங்கள். கூடவே இன்னொன்று: தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் காலையில் ஒரே வாயில் போட்டுக்கொண்டால், கால்சியம் தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

வருஷக்கணக்காக எடுக்கிற கேஸ் மாத்திரை (பேன்டோப்ரசோல், ஒமிப்ரசோல்) இருக்கிறதா? முறிவு ஆபத்தோடு அதற்கு ஓரளவு தொடர்பு சொல்லப்படுகிறது. பெரிய குற்றவாளி அல்ல, ஆனால் எதற்கென்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்த முடியுமா என்று கேட்கலாம். வலிப்பு மருந்துகளும், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவையும் எலும்பைக் கரைப்பவை. உங்கள் அம்மாவுக்கு இல்லை என்றாலும் இதைப் படிக்கிற வேறு வீட்டுக்குப் பயன்படட்டும். தூக்க மாத்திரை எலும்பைத் தொடுவதில்லை. ஆளைத் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

டப்பாவை மூடிவிட்டு அம்மாவோடு உட்காருங்கள். மாதவிலக்கு எந்த வயதில் நின்றது? எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்களிடம் வயதைக் கேட்டால் தெரியாது. "பெரியக்கா கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா? நான் எத்தனாவது படிச்சேன்?" என்று கேளுங்கள், கணக்கு வந்துவிடும். 45க்கு முன்னால் நின்றிருந்தால் அது தனி ஆபத்து. காரணம், மாதவிலக்கு நிற்கும்போது குறைந்துவிடுகிற ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன். எலும்பு கல்லைப்போலச் செத்த பொருள் அல்ல. உள்ளே ஒரு கூட்டம் பழையதைப் பெயர்த்துக்கொண்டும், ஒரு கூட்டம் புதிதாகப் பூசிக்கொண்டும் வாழ்நாள் முழுக்க வேலை நடக்கிறது. பெயர்க்கிற கூட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிற மேஸ்திரி ஈஸ்ட்ரோஜன்தான். மேஸ்திரி போன முதல் ஐந்து, பத்து வருஷங்களில்தான் இடிப்பு அதிகம். நம் நாட்டுப் பெண்களுக்கு மேலை நாட்டுப் பெண்களைவிடச் சில வருஷம் முன்பாகவே மாதவிலக்கு நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

"நாலு பிள்ளை பெத்தேன், எலும்பெல்லாம் அதுங்களுக்கே போச்சு" என்று அம்மா சொல்லக்கூடும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் கால்சியம் போவது உண்மை. பால் மறக்கடித்த பிறகு எலும்பு பெரும்பாலும் அதைத் திரும்பப் பிடித்துவிடுகிறது. பிள்ளைகள்மேல் இந்தப் பழி வேண்டாம்.

அடுத்து உயரம். இதைப் பற்றிச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன் ஓர் அம்மா முதுகுவலி என்று வந்துகொண்டே இருந்தார். வலிமாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கிளம்பும்போது, "கொசுவத்தை எவ்வளவு ஏத்திச் செருகினாலும் தரையைப் பெருக்குது டாக்டர், புடவைதான் வளருதோ என்னமோ" என்று சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது மூன்று முதுகெலும்புகள் நசுங்கியிருந்தன. அன்றிலிருந்து புடவையைப் பற்றி நானே கேட்கிறேன். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை முறிவு என்று தெரியாமலே போகின்றன. குடத்தைத் தூக்கும்போது "சுளுக்கு" என்று நினைத்திருப்பார்கள். அம்மாவைச் சுவரோடு குதிகால் ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். பின்மண்டை சுவரைத் தொடுகிறதா? இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தாலோ, தலை சுவரைத் தொடாவிட்டாலோ, முதுகுக்குப் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே அவசியம்.

பாட்டியின் இடுப்பு முறிவு அம்மாவின் கணக்கில் சேரும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2008இல் வெளியான ஃப்ராக்ஸ் என்ற கணக்கிடும் முறை இருக்கிறது. இந்தியாவுக்கென்று தனிக் கணக்கும் உண்டு. வயது, எடை, உயரம், முன்பு முறிந்ததா, பெற்றோரில் யாருக்காவது இடுப்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு, முடக்குவாதம் என்று கேட்டுவிட்டு, அடுத்த பத்து வருஷத்தில் முறியும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும். உங்கள் அம்மாவுக்கு அதில் விழுகிற டிக்குகள் ஏற்கெனவே நான்கு: முறிவு, பாட்டி, ஒல்லி உடம்பு, பெரும்பாலும் ஸ்டீராய்டு. குண்டாக இருந்தால் நல்லதா என்று கேட்காதீர்கள். குண்டு உடம்புக்குச் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம், சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்கேனில் எலும்பு நன்றாகத் தெரிந்தும் முறிவது உண்டு.

முகாமில் குதிகாலை வைத்துப் பார்த்த மெஷின் ஒலி அலையால் ஒரு தோராயம் சொல்வது. அதை வைத்து எலும்புப்புரை இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. வேண்டியது எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன். படுக்கவைத்து, இடுப்பையும் கீழ்முதுகையும் எடுப்பார்கள். ஊசி கிடையாது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. எல்லா ஊரிலும் இருக்காது. போன் செய்யும்போதே "இடுப்பு, முதுகு ரெண்டும் எடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். ரிப்போர்ட்டில் டி ஸ்கோர் என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 1 வரை சரி. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கோடு அது. இரண்டுக்கும் நடுவே இருப்பது எலும்பு மெலிவு. ஆனால் எண் மைனஸ் 2 என்று வந்துவிட்டால் "தப்பிச்சோம்" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். எலும்பு முறிகிற பெண்களில் பலர் அந்த நடுப் பகுதியில்தான் இருக்கிறார்கள். முறிந்த மணிக்கட்டையும் ஸ்டீராய்டையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுக்க வேண்டும்.

இனி பாலும் வெயிலும். மாடு இருக்கிற வீட்டில் யார் பால் குடிக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. கறந்தது சொசைட்டிக்குப் போகும், மிச்சம் பேரன் பேத்திக்கு; அம்மாவுக்கு இரண்டு வேளைக் காப்பி. ஒரு டம்ளர் காப்பியில் பாதி பால் என்று வைத்தால் 75 மில்லி. அதில் கால்சியம் சுமார் 90 மில்லிகிராம். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. இரண்டு காப்பியில் 180 வந்தது. மீதிக்கு எங்கே போவது? நல்லவேளை, நம் சமையலில் வழி இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. கெட்டித் தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி எல்லாம் நல்லவை. எள்ளில் நிறைய உண்டு என்றாலும் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மோரை நீர்மோராக்கி மூன்று சொம்பு குடித்தாலும் தயிர் எவ்வளவு போட்டீர்களோ அவ்வளவுதான். சாப்பாட்டில் வராத மீதிக்கு மட்டும் மாத்திரை. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். புரதத்தையும் மறக்காதீர்கள், 42 கிலோ உடம்புக்குத் தினம் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ கூடுதலாகத் தேவை.

வெயில் விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறோம். வயலுக்குப் போகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். புடவைமேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. விடியலில் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். வைட்டமின் டி உண்டாவதோ வெயில் ஏறிய பிறகு, திறந்த தோலில். கறுத்த தோலுக்கு அதிக நேரம் வேண்டும். வயதாக ஆகத் தோலின் திறனும் குறைகிறது. அதனால்தான் இத்தனை வெயிலடிக்கிற நாட்டில் இத்தனை பேருக்கு வைட்டமின் டி குறைவு. ரத்தத்தில் பாருங்கள், 20க்குக் கீழே இருந்தால் குறைவு. 60,000 யூனிட் பொடியை வாரம் ஒன்றாகச் சில வாரம் கொடுப்பது வழக்கம். "சத்துதானே" என்று ஆறு மாதம் வாராவாரம் குடித்துவிட்டு, கால்சியம் ஏறி வாந்தியோடு வந்தவர்களும் உண்டு. சொன்ன வாரத்தோடு நிறுத்துங்கள்.

பிரண்டைத் துவையல் அருமையான துவையல். நெய்யில் வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் நானே இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிடுவேன். ஆனால் அது எலும்பு முறிவைத் தடுக்கும் என்று காட்டும் நம்பகமான சான்று இல்லை. ஸ்கேனையும் மருந்தையும் தள்ளிப்போட அதைக் காரணமாக்காதீர்கள். பிரண்டைக்கு நான் எதிரியல்ல. பெயர், ஊர் எதுவும் அச்சிடாத பாக்கெட்டில் வருகிற "மூட்டுவலிப் பொடி"களைக் கண்டால்தான் பயம். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

ஸ்கேன் பார்த்து மருந்து தேவை என்றால், வாரம் ஒருமுறை மாத்திரையோ வருஷத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸோ கொடுப்பார்கள். வார மாத்திரை (அலெண்ட்ரோனேட்) வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் முழுக்கத் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காப்பியும் கூடாது. காப்பிக்குத்தான் அம்மா சண்டை போடுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற டெனோசுமாப் ஊசியும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். பாதியில் விட்டால் முதுகெலும்புகள் வரிசையாக முறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பிக்குமுன் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி பார்க்க வேண்டும். ஆட்டம் கண்ட பல் இருந்தால் முதலில் பல் டாக்டர். ரத்தசோகையும் விடாத முதுகுவலியும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். எலும்பு மஜ்ஜை நோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியிருக்கும்.

இப்போது நீங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், சினைப்பைகளை எடுத்தார்களா? பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். டி.ஏ.எச். என்று மட்டும் இருந்தால் கர்ப்பப்பை மட்டும். "டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ." என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன, அப்படியானால் 37 வயதிலேயே உங்களுக்கு மெனோபாஸ் வந்துவிட்டது, ஆறு வருஷமாக எலும்பு காவல் இல்லாமல் இருக்கிறது. அப்போதே உடம்பு திகுதிகுவென்று எரிந்ததா, இரவில் வேர்த்ததா? இப்படிப்பட்டவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடைகள் இல்லாவிட்டால், இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயது வரை ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது வழக்கம். யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். அம்மாவோடு போகும்போது உங்களுக்கும் ஒரு டெக்ஸா எடுத்துவிடுங்கள். சினைப்பைகள் இருக்கின்றன என்றாலும், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு அவை சற்று முன்னதாக ஓய்ந்துவிடலாம், மாதவிலக்கு இல்லாததால் அது தெரியவும் தெரியாது. ஆக எப்படியும் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டுக்குத் திரும்பி, அந்தத் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். தண்ணீர் வடிகிற பக்கம் சொரசொரப்பாகச் சிமெண்ட் பூசச் சொல்லுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவில் ஒரு விளக்கு, உள்ளே பிடித்து எழ ஒரு கம்பி. இடுப்பு முறிவு அநேகமாக எல்லாமே விழுவதில் தொடங்குகிறது. கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பகுதி தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள். அம்மா "இன்னும் உழைக்கும்" என்பார்.

கடைசியாகக் கிரிவலம். 14 கிலோமீட்டர், வெறுங்கால், ராத்திரி, அதுவும் சித்ரா பௌர்ணமிக் கூட்டம். கையில் கட்டோடு இருப்பவரை யாராவது தெரியாமல் இடித்தால் போதும். இந்தச் சித்ரா பௌர்ணமிக்கு வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள், கோபம் என்மேல் இருக்கட்டும். நடக்கவே கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எலும்புக்கு நடை வேண்டும். கட்டுப் பிரித்து, முதுகு எக்ஸ்ரேயில் நசுங்கல் இல்லை என்று தெரிந்த பிறகு தினம் அரை மணி நேரம் நடக்க ஆரம்பிக்கட்டும். கார்த்திகை, சித்திரை தவிர்த்து ஒரு சாதாரண நாளில், விடிந்ததும், நீங்கள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போங்கள். வழியெல்லாம் உட்கார இடம் இருக்கிறது. முடிந்தவரை நடந்துவிட்டு, மீதிக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.